குறை யாரிடம்?
தொழில்முனைவுப் பாடத்தை வாசித்தல்

வேலை எங்கே என்று கேட்ட பிள்ளைகளிடம் முன்பு 'பதிஞ்சு வச்சிட்டுக் காத்திரு' என்றார்கள். இப்போது 'நீயே முதலாளி ஆகு' என்கிறார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் தொழில்முனைவு ஒரு அலகாகவே இருக்கிறது. கல்லூரியிலும் பயிற்சி முகாமிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இதே பேச்சுதான். இளைஞர் வேலையின்மைக்கு இது மருந்து என்கிறார்கள். கவிதையையும் நாவலையும் கட்டுடைத்துப் பார்க்கிற நாம் இந்தப் பாடத்தையும் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கவேண்டும்.

இந்தப் பிரதிக்கு ஒரு நாயகன் உண்டு. அவனிடம் தன்னம்பிக்கை இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, புதுமை நாட்டம் இருக்கிறது. சாதி மட்டும் கிடையாது. அவன் ஊர்த்தெருவா சேரியா என்று தெரியாது. அப்பன் பெயரில் பட்டா உண்டா என்பதும் தெரியாது. அவன் ஜெயித்தால் மனசு காரணம், தோற்றாலும் மனசுதான் காரணம். ஆக, வேலையில்லாத இளைஞனின் குறை அவன் மண்டைக்குள் இருக்கிறது என்று பாடம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

இந்த மனசுக் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. சமூகங்கள் முன்னேற 'சாதிக்கும் வேட்கை' வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1961-ல் ஒரு நூலில் வாதிட்டார். அந்த வேட்கையைப் பயிற்சியால் ஊட்டமுடியும் என்று காட்ட, 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து ஆட்களை ஐதராபாத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பலன் தெரிந்தது என்று 1969-ல் புத்தகமும் வந்தது. இந்தியாவில் தொழில்முனைவுப் பயிற்சி வேர்பிடித்த இடங்களில் இது முக்கியமானது. வந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். கையில் முதல் உள்ளவனுக்கு மனசில் தெம்பு ஏற்றினால் தொழில் பெருகலாம், மறுக்கவில்லை. ஆனா அதே மருந்தை ஒரு சென்ட் நிலம் இல்லாத சேரிப் பையனுக்குக் கொடுத்துட்டு, அவன் எழுந்து ஓடலைன்னா அவனையே குறை சொல்றது என்ன நியாயம்?

அம்பேத்கரைப் பாருங்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-ல் நாடு திரும்பினார். பரோடா அரசு வேலையில் தீண்டாமை அவரை இருக்கவிடவில்லை. பம்பாய்க்கு வந்து, பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நடத்துகிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றுபோனது, நிறுவனத்தை மூடவேண்டியதாயிற்று. அவரிடம் என்ன குறை? படிப்பா, துணிச்சலா, தன்னம்பிக்கையா? ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறவிடாததால் சாதி வேலையின்மைக்கு நேரடிக் காரணம் ஆகிறது என்று 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் எழுதினார். பட்டும் படித்தும் ஒரு பொருளாதார அறிஞர் சொன்ன வாதம் அது. வேலையின்மையைப் பற்றிப் பேசும் இந்தப் பாடம் அதைத் தொடுவதே இல்லை.

அது அந்தக் காலம் என்று சொல்லக்கூடும். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அரசாங்க அரிசி, அரசாங்க அடுப்பு, காசில்லாத சோறு. அதையே வேண்டாம் என்றவர்கள், அந்தம்மா சொந்தமா ஒரு இட்லிக்கடை போட்டா காசு கொடுத்து வாங்கித் தின்பார்களா? 'சந்தையின் தேவையை அறிந்துகொள்' என்கிறது பாடம். சந்தையின் சாதியை யார் சொல்லித் தருவது? 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கான பட்டியல் சாதியினரிடம் இருந்த தொழில் நிறுவனங்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இத்தனை கோடிப் பேருக்கும் மொத்தமாகத் துணிச்சல் இல்லாமல் போய்விட்டதா?

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. மனசைப் பற்றிப் பேசாமல் பணத்தைப் பற்றிப் பேசுவதால் இது பாடத்தைவிட நேர்மையானது. ஆனால் மீதிப் பணத்துக்கு வங்கி வாசலைத்தான் மிதிக்கவேண்டும். பயிற்சிச் சான்றிதழோடு போகிற நம்ம பசங்களோடு நானும் போயிருக்கிறேன். 'பட்டா இருக்கா? ஜாமீனுக்கு கவர்மென்ட் உத்தியோகத்துல யாராச்சும் இருக்காங்களா?' இதுதான் முதல் கேள்வி. சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 10 லட்சம் ரூபாய் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே விதித்துவிட்டது. இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் பத்து நாள் தன்னம்பிக்கை வகுப்பைவிட உபயோகமாக இருக்கும்.

பட்டா எங்கே என்று கேட்கிறவர்களிடம் நாமும் ஒன்று கேட்கவேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே? மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் யார் யார் கையிலோ கிடக்கிறது. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அந்த நிலம் நம்மிடம் இருந்திருந்தால் இன்று வங்கியில் நீட்டப் பத்திரம் இருந்திருக்கும். முதலைப் பறித்துக்கொண்டு முனைவு இல்லை என்று பழி போடுகிறார்கள்.

'தலித் முதலாளிகள் வரலையா? அவங்களுக்கு 2005-லேயே புனேயில தனி வர்த்தக சங்கமே வந்துடுச்சே?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வந்திருக்கிறார்கள், வரவும் வேண்டும். ஆண்டை வீட்டு வாசலில் கூலிக்குக் கைகட்டி நிற்காமல், சொந்தக் கடையில் உட்கார்ந்து காசு எண்ணுவதும் விடுதலையின் ஒரு பகுதிதான். தொழில் நமக்கு வேண்டாம் என்று சொல்கிற இடதுசாரித் தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பத்துப் பேரின் வெற்றிக் கதையைக் காட்டி, நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுக் காலிப்பணியிடங்களை மறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 'அவன் ஜெயிச்சானே, உனக்கென்ன கேடு' என்ற கேள்விதான் அந்தக் கதைகளின் அடியில் ஓடுகிறது. இடஒதுக்கீட்டுக்கு எதிரான பழைய வசைதான் இது, சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அரசுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் முதல் வாடிக்கையாளராக அரசே வரட்டும். மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்கவேண்டும் என்பது 2012-லிருந்து இருக்கிற ஆணை. பல ஆண்டுகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இங்கே முனைவு இல்லாமல் போனது யாருக்கு?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தொழில்முனைவு வகுப்பில் உட்காருங்கள், கற்கவேண்டிய கணக்கு வழக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். அம்பேத்கரின் நிறுவனம் ஏன் மூடப்பட்டது என்று அந்த வகுப்பிலேயே எழுந்து கேளுங்கள். வங்கியில் கடன் இல்லை என்றால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தரமறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை தள்ளப்பட்டது, என்ன காரணம் சொன்னார்கள் என்று கிளைவாரியாகக் கேளுங்கள். ஊருக்கு ஊர் அந்தத் தாள்களைச் சேர்த்து வைப்போம். குறை யாரிடம் என்று அவையே சொல்லும்.