ஒப்பாரியும் ஆடற்பாட்டும்: ‘எஞ்சாய் எஞ்சாமி’ பற்றி

ஒப்பாரியை இலக்கியம் என்று ஏற்க நம் புலவர்கள் நெடுங்காலம் தயங்கினர். புறப்பாடல்களிற் கையறுநிலைத் துறையைக் கண்டு வியந்தோரும், அதே துயரை ஒரு மூதாட்டி தலைவிரித்து மார்பில் அறைந்து பாடியபோது, பாமரர் வழக்கு என்று ஒதுக்கினர். பாரியை இழந்த மகளிரின் பாட்டு ஏட்டில் ஏறியது. கித்தாக் காட்டிலே கணவனை இழந்தவளின் பாட்டு அவள் வாயோடே போயிற்று. அத்தகைய ஒப்பாரி ஒன்று கடல் கடந்து கோடிக்கணக்கானோர் செவிக்கு எட்டியிருக்கின்றது. அதுவும் ஆடிக் களிக்கும் பாட்டாக எட்டியிருக்கின்றது. தமிழாசிரியர் அதனைக் கூர்ந்து நோக்குதல் தகும்.

‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் அப்பாடற் படம் 2021 மார்ச்சு 7ஆம் நாள் யூடியூப்பில் வெளிவந்தது. இது திரைப்படப் பாடலன்று. தனிக் கலைஞர்களின் ஆக்கங்களை வெளியிடுவதற்கென்று ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு தோன்றிய ‘மாஜா’ என்னும் தளத்தின் வழி வந்தது. பாடியோர் தீ, அறிவு ஆகிய இருவர். சொற்கள் அறிவினுடையவை, இசை சந்தோஷ் நாராயணனுடையது, படத்தை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். சில மாதங்களிலேயே பார்வை 10 கோடியைக் கடந்தது. பின்னர் 40 கோடியையும் தாண்டிச் சென்றது. திரைப்படத்தின் துணையின்றித் தமிழ்ப் பாட்டொன்று இவ்வளவு தொலைவு நடந்தது அரிய செய்தியே.

முதலில் தலைப்பைப் பார்ப்போம். ஆங்கிலச் சொல் தலைப்பிலேயே நிற்கின்றதே என்று தூய தமிழ் அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். சுளிப்பதற்கு முன் ஒலியைக் கேட்க வேண்டும். ‘என் சாமி’ என்பது பேச்சிலே ‘எஞ்சாமி’ ஆகின்றது; வரும் சகரத்திற்கு இனமான ஞகரமாக னகரம் திரிகின்றது. ‘மகிழ்ந்திரு’ என்னும் பொருளுடைய அவ்வாங்கிலச் சொல்லைத் தமிழ் நாவால் ஒலித்தால் அதுவும் ‘எஞ்சா’ என்றே தொடங்கும். மோனையும் எதுகையும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலியமைதிக்குள் இழுத்துக் கட்டிய திறம் இது. பேரப் பிள்ளையைச் ‘சாமி’ என்று விளிக்கும் பாட்டியர் பேராக்கின் தோட்டங்களிலும் உண்டு. அவர்களுக்கு இத்தலைப்புக்கு உரை வேண்டியதில்லை. பெரட்டு என்றும் கிராணி என்றும் கித்தா என்றும் கலப்புச் சொற்களாலேயே வாழ்ந்த மக்களின் பாட்டில் ஓர் ஆங்கிலச் சொல் வந்ததற்காக வருந்துவது வீண்.

இனிப் பொருளுக்கு வருவோம். முன்னோரை விளித்தல், மண்ணையும் நீரையும் போற்றுதல், நாய் நரி முதலிய உயிர்களுக்கும் அவற்றில் உரிமையுண்டு எனல், தோட்டம் வளர்த்தவளே நாவறண்டு நிற்றல் ஆகிய இவையே பாடலின் உள்ளீடு. இவற்றுள் ‘தோட்டம்’ என்னும் சொல்லே திறவுகோல். தமிழகத்து நகரவாசிக்குத் தோட்டம் என்றால் வீட்டின் கொல்லைப்புறம்; கீரைப் பாத்தியும் பந்தற் கொடியும் நினைவுக்கு வரும். ஆதலின் இதனை உழவர் பாட்டு என்றும் இயற்கைப் பாட்டு என்றும் அங்குள்ளோர் பலர் எழுதினர். தைப்பிங்கிலோ பீடோரிலோ உள்ள தமிழனுக்குத் தோட்டம் என்பது வேறு. அது துரையின் உடைமை; லயத்து வீடு; விடியுமுன் ஒலிக்கும் மணி; மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சாண் தனக்கென இல்லாத நிலம். இலங்கை மலையகத்தானுக்கும் அச்சொல் அவ்வாறே.

அறிவின் மனத்தில் இருந்தது எத்தோட்டம் என்பதில் ஐயமில்லை. அரக்கோணத்திற் பிறந்த அவருடைய பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர்களுள் ஒருவர். பாடலுக்குள்ளே அவர் பெயர் வருகின்றது. படத்திலும் அவர் தோன்றுகின்றார். அத்திரும்புதலின் வரலாறு கொடியது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாத்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று எண்ணிக்கையிட்டுப் பிரித்தது. தேயிலை நட்டவர்கள் சரக்கைப்போலப் பங்கிடப்பட்டனர். வந்தவர்களிற் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் மறுபடியும் தேயிலைக் காட்டிலேயே கூலிகளாயினர்.

பேராக் வாசகர்க்கு இக்கதை அயலார் கதையன்று. 1950களிலும் 1960களிலும் மலாயாவின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பால் மரம் வெட்டியோர் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தனர். சுங்கை சிப்புட்டிற் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இக்கேட்டைத் தடுப்பதற்கே. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றான காலத்தில், இங்கிருந்தும் பல்லாயிரவர் கப்பலேறினர். அதன்பின் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஈப்போவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்களுக்கு இன்று பெயர் மட்டுமே எச்சம். பாடலின் ‘தோட்டம்’ இவ்வளவையும் சுமக்கின்றது. ஆயினும் பாடலில் தேயிலை என்றோ இலங்கை என்றோ ஒரு சொல்லும் இல்லை. இது நயமா, குறையா? நயமே எனலாம். பெயர் சுட்டாமையால்தான் கித்தாத் தோட்டத்தானும் இதனைத் தன் பாட்டாகக் கொள்ள முடிகின்றது. ஆனால் வரலாறு அறியாதார்க்கு அது வெறும் பூந்தோட்டமாகச் சுருங்கிவிடுகின்றது என்பதையும் மறைத்தற்கில்லை.

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறினார். இழவு ஒன்றையே ஒப்பாரி பாடும் என்பது பொது எண்ணம். உண்மையில் நல்ல ஒப்பாரி, இறந்தவனைச் சாக்காக வைத்து மற்ற மூன்றையும் பாடிவிடும். இழவு வீட்டிலே பெண்ணின் வாயைப் பொத்த ஒருவரும் துணியார் அல்லவா? இப்பாடல் அந்த உரிமையைக் கைக்கொண்டு, இழிவுபடுத்தப்பட்டதையும் நிலமின்மையையும் இழவின் குரலிலே சொல்கின்றது. அதனோடு விரைநடைச் சொல்லிசையை இணைத்ததே புதுமை. தமிழில் அவ்வகை இசை திடீரென்று முளைத்ததன்று. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பால் அதற்குத் தமிழ் நடையைப் பழக்கினர் என்பதைச் சென்னை ஏடுகள் எளிதில் மறந்துவிடுகின்றன. அறிவு, ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவிலும் 2019இல் வந்த ‘தெருக்குரல்’ தொகுப்பிலும் அந்நடையைச் சாதிக் கொடுமைக்கு எதிரான குரலாக வளர்த்தவர். அவருடைய குரலில் அடக்கிய சினம் உண்டு. தீயின் குரல் அதற்கு நேர்மாறாகத் தளர்ந்து, மிதந்து வருகின்றது. இவ்விரண்டும் மாறிமாறி வருவதே பாடலின் உயிர்.

படத்தைப் பற்றி அத்துணைப் புகழ இயலவில்லை. வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. உடையும் அணியும் வறுமையை விழாக்கோலமாக்குகின்றன. உழைப்போரை அரசரைப்போல் காட்டுதல் அவர்தம் பெருமையை நிலைநாட்டும் என்று இயக்குநர் கருதியிருக்கலாம். அக்கருத்தில் நியாயம் உண்டு. ஆயினும் திருமண மண்டபங்களில் இப்பாட்டுக்கு ஆடுவோர் எத்தனை பேர் நாவறண்டவளை நினைத்து ஆடுகின்றனர்?

பாடலின் வெற்றிக்குப் பின் எழுந்த வழக்குத்தான் பாடலைவிட நெடிது சிந்திக்கத் தக்கது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் தன் அட்டையில் தீயையும் சான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது, அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதனைக் கண்டித்தார். பின்னர் அறிவுக்கு ஒரு மின்னட்டை வந்தது. 2022 சூலையில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் இப்பாடல் பாடப்பட்டபோதும் மேடையில் அறிவு இல்லை. அவர் பாடலை அமைத்ததும் எழுதியதும் பாடியதும் தாமே என்றும், மெட்டோ சொல்லோ எவரும் தரவில்லை என்றும் அறிக்கை விடுத்தார். சந்தோஷ் நாராயணன், இசையமைப்பு தமது என்றும், இது கூட்டுமுயற்சி என்றும், வருவாயும் உரிமையும் மூவர்க்கும் சமம் என்றும் விடையிறுத்தார். 2024 மார்ச்சில் அவரே, மூவர்க்கும் பாடலால் ஒரு காசும் வந்து சேரவில்லை என்றார். நிறுவனமும் தன் தரப்பைக் கூறிற்று.

யார் மெட்டமைத்தார் என்று வெளியிலிருந்து தீர்ப்புரைத்தல் பொருந்தாது. ஆனால் ஒன்று கூறலாம். சொல்லும் குரலும் குடும்ப நினைவும் ஒருவருடையனவாயிருக்க, அவர் இல்லாத மேடையில் அப்பாடல் ஏறியது முறையன்று. நட்டவனை விட்டுவிட்டு விளைச்சலைக் கொண்டாடுவது பற்றிய பாட்டுக்கே அது நேர்ந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைத்தொகையிற் பங்கை உறுதி செய்தது. ஒப்பாரி பாடிய பாட்டியர்க்கு அச்சட்டத்தில் இடமில்லை. வாய்மொழிப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்பது சட்டத்தின் கொள்கை. இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாட்டுகளைத் தொகுத்து வைத்தார். அத்தொகுப்பு இன்றேல் அவையும் காற்றோடு போயிருக்கும். சுங்கை சிப்புட், செம்மோர், பாகான் செராய் வட்டாரங்களில் தோட்டத்தில் வாழ்ந்து இப்போது அடுக்குவீடுகளில் இருக்கும் மூதாட்டியரிடம் ஒப்பாரி கேட்டு எழுத முனையும் ஆசிரியர், பாட்டோடு பாடியவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், யாருடைய சாவுக்கு அதனை முதலிற் பாடினார் என்பதையும் சேர்த்தே குறித்தல் வேண்டும்.