முல்லைத்தீவு: கல்லும் கதையும் கடலும்

துறைமுகப் பட்டினங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் கட்டடங்களை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. காலியைப் பற்றி எழுதுவோனுக்கு அதன் மதில்கள் உதவுகின்றன. யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுவோனுக்குச் சிதைந்த நிலையிலேனும் ஒரு கோட்டை உண்டு. வன்னிப் பெருநிலத்தின் கிழக்குக் கரையில் அமைந்த முல்லைத்தீவுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. ஒல்லாந்தர் அமைத்து ஆங்கிலேயர் கைக்கொண்ட கோட்டை பெரிதும் அழிந்தொழிந்தது. வெளிச்சவீடும் போர்க்காலத்தில் மறைந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய கடற்கோள் கரையோரக் குடியிருப்புகளை வாரிச் சென்றது. 2009 வரை நீடித்த போர் எஞ்சியவற்றையும் குலைத்தது. கட்டடங்கள் இல்லாத ஒரு பட்டினத்தின் வரலாறு எதைக் கொண்டு எழுதப்படுகின்றது, எதை விட்டு எழுதப்படுகின்றது என்பது ஆராயற்பாலது.

முல்லைத்தீவு என்றதும் நினைவுக்கு வருவது 1803 ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி பண்டாரவன்னியன் கண்டியரின் துணையோடு முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த படையினர் கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றனர். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஆங்கிலப் படைகள் வன்னிக்குள் அனுப்பப்பட்டன. ஒக்டோபர் 31 ஆம் திகதி ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் தளபதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான். அவ்வெற்றியைப் பதிந்து ஆங்கிலேயர் அவ்விடத்தில் ஒரு கல்லை நாட்டினர்.

இக்கல் சொல்வதும் சொல்லாததும் ஒருங்கே கவனிக்கத்தக்கன. தோல்வி ஒன்றையே அது குறிப்பிடுகின்றது. மரணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பண்டாரவன்னியன் அதன் பின்னரும் சில ஆண்டுகள் உயிரோடிருந்தான் என்பது ஆங்கிலேயரின் ஆட்சிப் பதிவுகளிலிருந்தே தெரியவருகின்றது. ஆயினும் மக்கள் வழக்கில் கற்சிலைமடு அவன் வீழ்ந்த களமாகவே நிலைபெற்றுவிட்டது. அந்நியன் தன் புகழுக்காக நாட்டிய கல்லை மக்கள் தம் வீரனின் நடுகல்லாக ஏற்றுக்கொண்டமை இரங்கத்தக்க முரண் மட்டுமன்று. அஃது ஒருவகை எதிர்ப்புமாகும். கல்லின் பொருளை அதனை நாட்டியவனே என்றும் தீர்மானிப்பதில்லை.

இவ்வழக்குக்குக் கலைவடிவம் தந்தோர் நாடகாசிரியர்களும் நாவலாசிரியர்களுமாவர். முல்லைமணி வே. சுப்பிரமணியத்தின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் இவ்வகையில் முதன்மையாகக் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்தின் பின்புலமாக மட்டுமே கருதப்பட்ட ஒரு நிலப்பரப்புக்குத் தனியான வரலாற்றுணர்வை ஊட்டியமை அந்நாடகத்தின் பெருஞ்சாதனை எனலாம். ஆனால், பண்டாரவன்னியன் கதை மேடைகளில் வழங்கிவந்த முறையில் ஒரு குறைபாட்டைச் சுட்டாது விடுதல் விமர்சனத்தின் கடமையாகாது. அக்குறைபாடு காக்கைவன்னியன் என்னும் பாத்திரமாகும்.

பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவனாக மேடை காட்டும் காக்கைவன்னியனை, யாழ்ப்பாண வைபவமாலை சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் காட்டிக்கொடுத்தவனாகக் கூறுகின்றது. சங்கிலி என்ற பெயருடைய இறுதி மன்னன் 1619 இல் போர்த்துக்கேயரிடம் சிறைப்பட்டான். அவனுக்கும் பண்டாரவன்னியனுக்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உள்ளன. துரோகி ஒருவன் காலங்கடந்து ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குக் குடிபெயர்ந்திருக்கின்றான். கற்பனைக்கு இவ்வுரிமை இல்லையென்பது இங்கு வாதமன்று. வினா வேறு. தோல்விக்குக் காரணம் ஒரு தனிமனிதனின் வஞ்சகமே எனக் கொண்டதும், மூன்று திசைகளிலிருந்து படை நடத்த வல்ல கடலாதிக்கம், வன்னிமைகளிடையே நிலவிய பிளவு, குடிகளுக்கும் தலைவர்களுக்கும் இடையே இருந்த உறவு முதலியவற்றை ஆராயும் தேவை அற்றுப்போகின்றது. துரோகி அகப்பட்டதும் சிந்தனை ஓய்ந்துவிடுகின்றது.

மறுபுறத்தில், 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இன்றும் இன்றியமையாத ஆதாரமாகும். ஆயினும் அஃது ஆட்சியாளன் ஒருவனின் நூலே. வரி, குளம், நோய், குடிசனம் ஆகியவற்றை நோக்கும் கண்ணே அதில் மேலோங்கி நிற்கின்றது. ஆங்கிலேயர் கோட்டையிலிருந்து காட்டை நோக்கினர். நம்மவர் காட்டிலிருந்து கோட்டையை நோக்கினர். இரு சாராரும் கடலுக்கு முதுகு காட்டியே நின்றனர் என்பது மிகையன்று. 1803 இல் தப்பியோடிய படையினரை ஏற்றிச்சென்ற தோணிகளின் சொந்தக்காரர் யாவர், விரும்பிச் சென்றனரா, வெருட்டப்பட்டுச் சென்றனரா என்று எந்த நாடகமும் வினவவில்லை. ஒரு துறைமுகத்தின் வரலாற்றில் முதலில் எழவேண்டிய வினா அதுவன்றோ?

கடலை மறவாதோர் மக்களே. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னதாக முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுக்கப்படுகின்றது. அந்நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதனைக் கொண்டே விளக்கு ஏற்றப்படுகின்றது. கரையோரத்தாரின் கடலும் உள்ளூர் உழவரின் பொங்கலும் ஒரே வழிபாட்டில் இணைகின்றன. துறைக்கும் அதன் பின்னிலத்துக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் கட்டடம் வேறில்லை. கோட்டை அழிந்தது, கடற்கோளும் போரும் ஊரையே பெயர்த்தன, ஆயினும் மக்கள் மீண்டதும் இவ்வழக்கும் மீண்டது.

அனைத்தையும் இழந்த மக்களுக்கு வீரன் ஒருவனே போதும், வினாக்கள் வேண்டா எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்றில் உள்ள துயரம் மதிக்கத்தக்கது, முடிவு ஏற்கத்தக்கதன்று. வீரவழிபாடு ஒருவனை நினைவில் நிறுத்தும். அவனோடு வாழ்ந்தோரை மறக்கச் செய்யும். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், காணி உறுதிகள், கோயிற் சடங்குகள், கரைவலைப் பாடுகளின் பெயர்கள், முதியோரின் வாய்மொழி ஆகியவை இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. ஆனால், கல்லைப்போல் அவை காத்திருக்கமாட்டா. சொல்ல வல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பண்டாரவன்னியனுக்கு இன்னொரு சிலை எழுப்புவதிலும் பார்க்க, அத்தோணிக்காரரின் வழித்தோன்றல்களிடம் சென்று கேட்டெழுதுவதே முல்லைத்தீவின் வரலாற்றுக்கு இன்று ஆற்றவேண்டிய முதற்பணியாகும்.