எத்தனை மடங்கு வேண்டும்?

ரமணாசிரமத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் முசுறு எறும்புக் கூட்டைக் கண்டால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் எறும்பு வேஷம் போட்ட சிலந்தி ஒன்றும் திரியக்கூடும். முன்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கிப் பிடித்தபடி நடக்கும். வெறும் கண்ணுக்கு அதுவும் முசுறுதான். எட்டுக் கண்களைப் படத்தில் பார்த்தால்தான் குட்டு உடையும். எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இந்தச் சிலந்தியைத்தான் சொல்வேன்.

அதன் நீளம் ஏறத்தாழ 10 மி.மீ. ஆசைப்பட்டு 5 மடங்கு உருப்பெருக்கத்துக்குப் போகிறோம் என்று வையுங்கள். 36 மி.மீ. அகல சென்சாரில் அப்போது அடங்குவது வெறும் 7.2 மி.மீ. சிலந்தியே முழுதாக அடங்காது. சிறிய சென்சார் கேமராவில் சென்சாரின் அகலம் சுமார் 24 மி.மீ.; அதில் 2 மடங்கு வைத்தால் 12 மி.மீ. தெரியும். முழு உடலும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துவிடும்.

கேனனின் எம்பி-இ 65, லாவாவின் 25 மி.மீ. இரண்டுமே 5 மடங்கு வரை போகும் அருமையான லென்ஸ்கள். பட்டாம்பூச்சிச் சிறகின் செதில்களுக்கு அவைதான் வேண்டும். ஆனால் 5 மடங்கில் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே நாலு சென்டிமீட்டர்தான் இடைவெளி. எஃப் 16 என்று வைத்தாலும் அது எஃப் 96 போலவே வேலை செய்யும். வெளிச்சம் 36-ல் ஒரு பங்காகச் சுருங்கும், விளிம்புகளும் மழுங்கும். துளையைத் திறந்தால் கண் தெளியும், கால் மங்கும். அதனால் பல படங்களை அடுக்கிச் சேர்க்கிறார்கள். அதுவரை பூச்சி அசையாமலிருக்க வேண்டுமென்று குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. இந்தப் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஓர் உயிரைப் பார்க்கப் போனவர் அதன் நடமாட்டத்தையே நிறுத்திவிட்டுப் படம் எடுத்து என்ன பயன்?

குறைந்த செலவில் கைகொடுப்பது பழைய 28 மி.மீ. லென்ஸ். ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டினால் சுமார் 2 மடங்கு கிடைக்கும். தூரத்துப் பெரிய காட்சியைச் சிறிதாக்கவே அது செய்யப்பட்டது. சிறியதைப் பெரிதாக்கும்போது திருப்பிப் போடுவதே அதற்கு இயல்பான நிலை. கூர்மையில் குறை சொல்ல முடியாது. வெவ்வேறு பாகங்களை இணைத்துத் தன் கேமராவைத் தானே உருவாக்கிக்கொண்ட காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனின் ஊர்க்காரர்கள் நாம். அவர் யானைகளை எடுத்தார் என்பது வேறு விஷயம்.

இதிலும் தொல்லை இல்லாமலில்லை. துளை வளையம் லென்ஸிலேயே இருக்க வேண்டும். அதைத் திருகித் துளையைச் சுருக்கியதும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். பூச்சியைத் தேடுவதற்குள் அது போய்விடும். எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுவது இதுதான். பின்பக்கக் கண்ணாடி வெளியே நிற்பதால் கோடையில் மலைப்பாதைப் புழுதி நேராக அதில் படியும். மடங்கையும் நினைத்தபடி மாற்ற முடியாது. இவற்றைப் பொறுக்க முடியாதவர்கள் 2 மடங்கு தரும் தனி மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் ஃப்ளாஷுக்கும் டிஃப்யூசருக்கும் பணம் மிச்சம் வையுங்கள். பளபளக்கும் முசுறுவின் முதுகில் நேர் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழும். வெள்ளைத்தாள் ஒன்றை லென்ஸுக்கு மேல் குடைபோல் வளைத்துக் கட்டினாலே முதுகின் செம்பழுப்பு நிறம் திரும்பிவிடும். மார்கழி விடியலில் போனால் பாதி வேலையைப் பனி செய்துவிடுகிறது. குளிரில் விறைத்த தும்பி, வெயில் ஏறும்வரை புல்நுனியை விட்டு அசையாது; கண்மேல் நிற்கும் பனித்துளிகளைப் பார்க்க ஒரு மடங்கே போதும்.