முற்றுகைத் தலைச்சீரா: கலைச்சொல்லாக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

ஐரோப்பியப் போர் வரலாற்றைத் தமிழாக்குவோர்க்குத் தலையைக் காக்கும் எல்லாக் கருவிகளையும் 'தலைக்கவசம்' என்ற ஒரே சொல்லால் சுட்டுவது எளிது. குதிரைவீரன் அணிந்ததும், கோட்டை நோக்கி மண்ணைத் தோண்டிச் சென்றவன் அணிந்ததும், இன்று இருசக்கர ஊர்தி ஓட்டுபவர் அணிவதும் இச்சொல்லுள் அடங்கும். பொதுச்சொல் என்ற அளவில் இது குறையன்று. ஆனால், 17ஆம் நூற்றாண்டு முற்றுகைப் போரின் கனத்த தலைக்காப்பைக் குறிக்கும்போது அதன் பயன் இச்சொல்லில் புலப்படுவதில்லை.

1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் வோபான் இணை அகழ்வரிசை முறையைக் கையாண்டார். இம்முறையில் முன்னணியில் இருந்தவன் நிரப்பிய கூடை ஒன்றை உருட்டி, அதன் மறைவில் மண்டியிட்டு ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம் தோண்டினான்; பின்வந்தோர் அதை அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கினர். மதிலிலிருந்து மிக அண்மையில் துப்பாக்கிக் குண்டுகள் வந்தன. சாதாரணத் தலைக்காப்பு பெரும்பாலும் 2 கிலோ அளவினது. முற்றுகைக்குரியனவற்றுள் 5 கிலோவுக்கு மேற்பட்டவையும் உண்டு. நெடுந்தொலைவு நடக்கவோ கைகலக்கவோ அது உதவாது. அதன் எடை, அணிந்தவன் நின்ற இடத்தின் ஆபத்தைக் காட்டும் அளவாகும்.

இதனைப் பிரெஞ்சு மொழி 'பொத்-ஆன்-தெத்', அதாவது 'தலைமேற் பானை' என்கிறது. ஆங்கிலத்தின் 'சீஜ் ஹெல்மெட்' அணியும் சூழலைச் சுட்டுகிறது. 'முற்றுகைத் தலைக்கவசம்' என அதனை அப்படியே பெயர்த்தால், முற்றுகையிடுவோர் அணிவதா, முற்றுகைக்கு உள்ளானோர் அணிவதா என்பது தெளிவாவதில்லை. தொல்காப்பியம் இரு தரப்பாரின் செயல்களையும் உழிஞையுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை மதில் காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்கியது. ஆகவே, 'யாருடைய முற்றுகை' என்ற வினா தமிழ் மரபிற்குப் புதியதன்று.

இதனோடு தொடர்புடைய 'சாப்பர்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. மண்வெட்டி போன்ற கருவியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான 'சப்பா' இதன் மூலம். இதனைச் 'சுரங்கம் வெட்டுவோர்' எனப் பெயர்த்தால் பொருள் முரண்படும். சாப்பர் தோண்டியது வானம் பார்த்த அகழ்வழி. நிலத்தடியில் இருப்பவனுக்குக் குண்டு தாங்கும் இரும்புத் தொப்பி எதற்கு? ஒரு சொல்லின் பிழை மற்றொரு சொல்லையும் பொருளற்றதாக்குகிறது. 'அகழி' எனலும் பொருந்தாது. அது கோட்டையார் அமைத்த அரண். 1780இல் தோன்றிய சென்னைப் பயனியர் படை 1831இல் 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' எனப் பெயர் பெற்றது. தமிழரும் பணியாற்றிய அப்படையின் பெயரிலேயே இரு தொழில்களும் வேறு வேறாக நிற்கின்றன.

தமிழ் விவிலியத்தில் எபேசியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் 'தலைச்சீரா' என்ற சொல்லை ஆள்கிறது. பழங்காலப் போர்க்கருவிக்கு இச்சொல்லை வரையறுத்துக்கொண்டு, 'தலைக்கவசம்' என்பதைப் பொதுச்சொல்லாக விடலாம். 'சீரா' இன்று பொதுவழக்கில் அருகியது, சமயச் சாயல் உடையது என்ற தடை எழலாம். ஆயினும், வழக்கு அருகியமையே அதனை வரலாற்றுப் பொருளுக்கு உரியதாக்குகிறது எனலாம். எனவே, 'அகழ்வோர் தலைச்சீரா' என்ற தொடர் பரிந்துரைக்கத்தக்கது. அணிந்தவன் யார், அவன் செய்த தொழில் யாது என்னும் இரண்டையும் அது தெரிவிக்கும். நூலில் முதலில் வருமிடத்தில் ஒருவரி விளக்கம் சேர்ப்பின் படிப்போர்க்கு இடர்ப்பாடு இராது.