மொழி கற்பித்தலும் பண்பாட்டுப் பரிமாற்றமும்: தமிழ் நிலத்தில் பிரெஞ்சு நிறுவனங்கள்

முன்னுரை

ஒரு நாடு தன் மொழியைப் பிற நாடுகளில் கற்பிப்பதற்கெனப் பண்பாட்டு நிறுவனம் அமைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. 1883இல் பாரிசில் தோன்றிய அலியான்ஸ் பிரான்சேஸ் இதற்கு முன்னோடியாகும். பிரிட்டிஷ் கவுன்சில் (1934), ஜெர்மனியின் கோத்தே நிறுவனம் (1951), ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிறுவனம் (1991) ஆகியன பின்னர்த் தோன்றின. இவை மொழிக் கல்வியையும் பண்பாட்டுப் பரிமாற்றத்தையும் இணைத்தே தம் நோக்கமாகக் கூறுகின்றன. மொழியைக் கற்பித்தால் பரிமாற்றம் தானே நிகழும் என்னும் கருதுகோள் இதனுள் அடங்கியுள்ளது. அக்கருதுகோள் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தமிழ் நிலத்தில் இயங்கும் பிரெஞ்சு நிறுவனங்களின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு நிறுவனங்கள், இரு திசைகள்

அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரியில் 1889இலும் சென்னையில் 1953இலும் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு மொழியைக் கற்பிப்பது அதன் முதன்மைப் பணி. பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டு நீங்கியதற்கு மறு ஆண்டான 1955இல், ழான் ஃபிலியோசாவை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பணி எதிர்த்திசையில் அமைந்தது. அங்குப் பிரெஞ்சு அறிஞர்கள் உள்ளூர்ப் புலவர்களுடன் இணைந்து தமிழ், வடமொழி நூல்களை ஆராய்ந்தனர். காரைக்காலம்மையார் பாடல்கள் 1956இலும், பிரான்சுவா குரோவின் பரிபாடல் மொழிபெயர்ப்பு 1968இலும் அந்நிறுவனத்தின் வெளியீடுகளாக வந்தன.

அலியான்சின் வகுப்பறையும் பயனளித்துள்ளது. சென்னை அலியான்சில் பிரெஞ்சு பயின்ற வெ. ஸ்ரீராம், ஆல்பர் காம்யுவின் நாவலை 'அந்நியன்' என்னும் பெயரில் மூலத்திலிருந்தே தமிழாக்கினார். அது 1980இல் வெளிவந்தது. ஐரோப்பிய இலக்கியத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே பெற்றுவந்த தமிழுக்கு இது நேர்வழி ஒன்றைத் திறந்தது.

காலத்தின் சமமின்மை

இவ்விரு திசைகளையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. தமிழுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இலக்கியம். பிரெஞ்சுக்குச் சென்றது பெரும்பாலும் பழந்தமிழ். ஒன்று வாழும் இலக்கியமாக வாசகரைச் சென்றடைய, மற்றொன்று ஆராய்ச்சிக்குரிய தொன்மையாக அறிஞரிடம் தங்கியது. பிரான்சுவா குரோ பிற்காலத்தில் நவீனத் தமிழ்ச் சிறுகதைகளையும் பிரெஞ்சில் கொண்டுவந்தார் என்பது உண்மையே. எனினும் அம்முயற்சி தனி அறிஞரின் ஈடுபாட்டால் விளைந்ததேயன்றி, நிறுவன அமைப்பின் இயல்பான விளைவன்று. பிரெஞ்சு நூல்கள் இந்திய மொழிகளில் வெளிவரப் பிரெஞ்சு அரசு 'தாகூர்' என்னும் பெயரில் நிதித் திட்டம் நடத்துகிறது. இத்திட்டம் செயற்படுவதும் பிரெஞ்சிலிருந்து இந்திய மொழிகளை நோக்கிய ஒரு திசையிலேயே.

தேர்வும் இலக்கியமும்

ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுத்தது. டெல்ஃப், டால்ஃப் தேர்வுகள் இப்படிகளையே பின்பற்றுகின்றன. உயர்கல்விக்கும் குடிபெயர்வுக்கும் சான்றிதழ் தேவைப்படும் மாணவர்க்கு இவ்வொழுங்கு பெரிதும் உதவுகிறது. ஆயின் சான்றிதழ் பெறுவதோடு கற்றல் நின்றுவிடுமாயின், நிறுவனம் மொழித்திறனை அளந்து தரும் இடமாகச் சுருங்கும். மொழிபெயர்ப்பாளர் உருவாவதற்கு வேண்டிய நீண்ட வாசிப்பும், தாய்மொழிப் புலமையும், பதிப்பக ஆதரவும் எந்தப் படிநிலை அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஸ்ரீராமின் பணிக்கு அலியான்ஸ் வித்திட்டது. அதனை வளர்த்தது 'க்ரியா' பதிப்பகம் அளித்த தமிழ்ச் சூழலாகும்.

முடிவுரை

மொழி கற்பித்தல் பரிமாற்றத்தின் முன்நிபந்தனை மட்டுமே. அதுவே பரிமாற்றம் ஆகாது. இரு மொழிகளும் இரு திசையிலும் கற்கப்படுதல், இரண்டின் சமகால எழுத்தும் பெயர்க்கப்படுதல், ஏற்கும் மொழியின் பதிப்புச் சூழல் துணைநிற்றல் ஆகிய மூன்றும் கூடும்போதே அது நிறைவுறுகிறது. திருவள்ளுவர் பெயரால் சிங்கப்பூரில் பண்பாட்டு மையம் அமைக்கப்படும் என்று இந்திய அரசு 2024இல் அறிவித்துள்ள நிலையில், இவ்வளவுகோல் தமிழுக்கும் உரியதாகிறது. குறளின் பெருமையை எடுத்துரைப்பதோடு அமையாமல், சிங்கப்பூரின் மலாய், சீன எழுத்துகளை மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்களை அம்மையம் உருவாக்குமா என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும்.