இணையவழிக் கல்லூரிப் பாடமும் நன்னூலின் அளவுகோலும்

கல்லூரிப் பாடத்தை இணையத்தின் வழியே கற்பிப்பது சிறந்ததா, வகுப்பறையில் கற்பிப்பது சிறந்ததா என்னும் வினா இன்று அறிஞரிடையே மட்டுமன்றிப் பெற்றோரிடையேயும் எழுந்துள்ளது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, கல்லூரிக் கதவுகள் அடைபட்டபொழுது அவ்வினா வலுப்பெற்றது. இணையவழிக் கல்வி கல்வியே அன்று என்பர் ஒரு சாரார். இனி வகுப்பறையே வேண்டா என்பர் மற்றொரு சாரார். எந்த அளவுகோல் கொண்டு அளந்தனர் என்பதை இரு சாராரும் கூறுவதில்லை.

அத்தகைய அளவுகோல் ஒன்று தமிழில் உண்டு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் கற்கும் முறையையும் வரையறுத்துக் கூறுகின்றது. ஒருமுறை கேட்ட பாடத்தை இரண்டாம் முறையும் கேட்டால் பிழை நீங்கும். மூன்றாம் முறையும் கேட்டால் அதனை முறையறிந்து உரைக்கும் ஆற்றல் வரும். ஆசிரியர் உரைத்ததை முழுதும் உளங்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். இது நன்னூலார் துணிபு. கேட்டல், உடன்பயிலல், உரைத்தல் ஆகிய இம்மூன்றும் கொண்டு இணையவழிப் பாடத்தை அளந்து பார்த்தல் தகும்.

ஆய்வுக்குரிய பாடம் ஒன்று வேண்டுமன்றோ? தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பாடங்களே அதற்கு ஏற்றவை. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பெற்ற அந்நிறுவனம், 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. அதன் நிறுவனத் தலைவராக விளங்கிய வா. செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். தொலைநிலைக் கல்வியின் இயல்பை நன்கு அறிந்த ஒருவர் கைவண்ணம் அதில் உண்டு என்பதற்கு இது சான்று. அயல்நாட்டுத் தமிழரை மனத்திற்கொண்டே அது தோன்றிற்று. ஆகவே மலேசியத் தமிழர் அதனைத் தமக்கெனச் சமைத்த உணவாகக் கொண்டு சுவை கூறும் உரிமை உடையர்.

அவ்வுணவு யாருக்குத் தேவை? கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பகலெல்லாம் நின்று பணியாற்றி, இரவு கடையடைத்தபின் கிள்ளானுக்கு இரயில் ஏறும் இளைஞர்க்குத் தேவை. இந்நாட்டில் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறு ஆண்டுகளோடு முடிகின்றது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கின்றது. 1956இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறை போன்ற உயர்கல்வி வாயில்கள் இருப்பினும், அவற்றுள் நுழைவோர் சிலரே. நுழையாதவருள் தமிழார்வம் உடையோர் பலர். கல்லூரி திறந்திருக்கும் நேரத்தில் அவர்தம் கடையும் திறந்திருக்கின்றது. பிறகு அவர் கற்பது எங்ஙனம்?

இக்குறையை நீக்க உலகம் நெடுநாளாக முயன்று வந்துள்ளது. இலண்டன் பல்கலைக்கழகம் தன் வளாகத்திற்கு வாராதாரும் பட்டத்தேர்வு எழுத 1858இலேயே வழி செய்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் வானொலியையும் தொலைக்காட்சியையும் துணைக்கொண்டு மாணவர்க்குப் பாடம் சொல்லத் தொடங்கியது. அதே 1971இல் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. 2001இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பணியில் இருந்துகொண்டே பட்டம் பெற்ற ஆசிரியர் பலர் அதனால் பயனடைந்தனர். இணையம் இவ்வழியில் வந்த இளைய பிள்ளை எனலாம்.

முதற்கண் கேட்டல். இங்கே இணையவழிப் பாடம் வகுப்பறையை விஞ்சி நிற்கின்றது. வகுப்பறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்வார். கனிவுடையவராயின் இருமுறை சொல்வார். நாற்பது பேர் அமர்ந்த இடத்தில் ஒருவனுக்காக மூன்றாம் முறை சொல்ல அவருக்கும் நேரமில்லை. கேட்க அவனுக்கும் துணிவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடமோ நள்ளிரவிலும் மூன்றாம் முறை படிக்க இடந்தருகின்றது. பாடத்தின் பொருள், பயன், சிறு பகுப்புகள், இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள், இறுதியில் தொகுப்புரை என்னும் அமைப்பு, தனியே பயில்வான் வழி தவறாதபடி கைப்பிடித்து நடத்துகின்றது. அதன் மின்னூலகத்தில் இலக்கண இலக்கிய நூல்கள் உரையோடும், அகராதிகள் சொற்பொருளோடும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தோட்டப்புறத்துச் சிற்றூரில் இவ்வளவு நூல்களைத் திரட்டுதல் அரிது.

கல்வியியலாரும் இதற்கு அரண் செய்கின்றனர். ஒருவன் ஒன்றைக் கற்கும் திறன் என்பது அதனைக் கற்க அவனுக்குத் தேவைப்படும் நேரமே என்று அமெரிக்க அறிஞர் ஜான் கேரல் 1963இல் எழுதினார். எல்லார்க்கும் ஒரே நேரத்தை அளந்து கொடுத்துவிட்டுப் பின்தங்கியவனை மந்தன் என்பது வகுப்பறையின் பழைய பிழை. இணையவழிப் பாடம் அப்பிழையைத் திருத்தும் ஆற்றலுடையது.

இனி உடன்பயிலலும் உரைத்தலும். இங்கேதான் குறை தோன்றுகின்றது. தன்மதிப்பீட்டு வினாக்களுள் பெரும்பாலன, நூலை இயற்றியவர் யார், பகுதிகள் எத்தனை, அவை யாவை என்னும் போக்கின. விடையோ சற்று மேலே உள்ள பத்தியில் கிடக்கின்றது. பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் 1956இல் அறிவுசார் கல்வி நோக்கங்களை அறிதல் முதல் மதிப்பிடுதல் ஈறாக ஆறு படிகளாக வகுத்தனர். மேற்கூறிய வினாக்கள் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. கோவலன் மதுரைக்குச் சென்றது யாருடன் என்று கேட்பது நினைவுக்கு வேலை; பாண்டியன் செய்த பிழையில் அமைச்சர்க்குப் பங்குண்டா என்று கேட்பதே சிந்தனைக்கு வேலை. இரண்டாம் வகை வினாவுக்கு விடையெழுதினால், அதனைப் படித்து மறுக்க ஒருவர் வேண்டும். பாடப்பக்கம் மறுத்துரைக்காது. நன்னூலார் கூறிய முக்காற்பங்கு அங்கே வெற்றிடமாக நிற்கின்றது.

ஆய்வுகளும் இம்முடிவை ஒட்டியே செல்கின்றன. அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இணையவழிக் கற்றோர் சராசரியாகச் சற்றே மேம்பட்டனர் என்றும், இணையத்தையும் நேர்முகக் கற்பித்தலையும் இணைத்த முறையில் பயன் மிகுதி என்றும் கண்டது. அம்மேம்பாட்டுக்குக் கருவி மட்டும் காரணமன்று. கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் உடன்சேர்ந்தன என்றும் அது எச்சரித்தது. வாசிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரி மாணவர் ஏறத்தாழ 40,000 பேரைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வோ, இணையவழிப் பாடங்களில் மாணவர் பின்னடைந்தனர் என்றும், முன்பே மதிப்பெண் குறைந்தோர் மேலும் பின்னடைந்தனர் என்றும் காட்டியது. தாங்குவாரின்றித் தனித்து விடப்பட்டவன் தளர்கின்றான் என்பதே இதன் பொருள்.

2020இன் படிப்பினையும் இதுவே. அன்று நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி இணையவழிக் கல்வி என்னும் பெயர்க்கு உரியதன்று. வகுப்பறைச் சொற்பொழிவு அப்படியே கைப்பேசித் திரைக்குக் குடிபெயர்ந்தது. குறித்த நேரத்தில் ஒருமுறை சொல்லி முடித்த அவ்வகுப்பில் மும்முறை கேட்கும் வாய்ப்பும் இல்லை. மாணவர் முகத்தைக் கண்டு சொல்லை மாற்றும் வாய்ப்பும் இல்லை. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளில் ஒருமுறை கேட்டலே அரிதாயிற்று. அதனைக் கொண்டு இணையவழிக் கல்வியைப் பழிப்பது, கரையில் ஓட்டிய படகைக் கொண்டு படகோட்டலைப் பழிப்பதை ஒக்கும்.

எனவே செய்யத்தக்கது யாது? கேட்டலை இணையத்திடம் விடுக. உடன்பயிலலையும் உரைத்தலையும் மனிதரிடையே வளர்க்க. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ வாரம் ஒருநாள், கடையடைத்தபின் ஒரு மணி நேரம், பத்துப்பேர் கூடும் ஓர் அறை போதும். வாரமெல்லாம் இணையத்தில் பயின்ற பாடத்தை ஒருவர் எடுத்துரைக்க, ஏனையோர் வினவ, தமிழாசிரியர் ஒருவர் திருத்துவாராயின் நன்னூலாரின் கணக்கு நிரம்பும். தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் வினாக்களைச் சிந்தனைப் படிகளுக்கு உயர்த்தி, இத்தகைய சிறு கூட்டங்களுக்கு வழிகாட்டும் குறிப்பேடு ஒன்றையும் வெளியிடுமாயின் பேருதவியாகும்.

மும்முறை கேட்கும் வாய்ப்பை மறுக்கும் வகுப்பறையும், ஒருமுறையேனும் பேசும் வாய்ப்பை மறுக்கும் இணையப் பாடமும் ஒருபுடைக் கல்வியே. இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வசதி கல்லூரி மாணவர்க்கு உண்டு. கடையடைத்து வரும் இளைஞர்க்கு இணையம் ஒன்றே திறந்த கதவு. அதனுள் நுழைந்தவரைத் தனியே நிற்க விடாதிருத்தல் கற்றோர் கடன்.