பாட்டு அறுந்தால் அவுட்

கபடியில் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் போகிறவரை 'பாடிப் போறவர்' என்போம். மூச்சு விட்டு, பாட்டு அறுந்தால் அவுட். நாட்டுப்புற மேடையின் எசப்பாட்டும் இதே ஆட்டம்தான். ஒருவர் கேள்வியோடு பாடி வருவார். மற்றவர் மடக்கிப் பிடித்துப் பதிலாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் தயங்கினால் போதும், கூட்டம் டீக்கடைப் பக்கம் எழுந்து போய்விடும். திட்டக்குடிப் பக்கத் திருவிழாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

இந்த ஆட்டத்தின் ஜோடிகளுக்கு 2018 மறக்க முடியாத ஆண்டு. ஜனவரியில் மதுரை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது. கணவர் நவநீதகிருஷ்ணனோடு சேர்ந்து கிராமத்துப் பாட்டுகளைச் சேகரித்து, அவற்றை மேடையேற்றிய பேராசிரியர் அவர். ஜூலையில் விஜய் டிவி சூப்பர் சிங்கர் ஆறாவது சீசன் கோப்பையைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷ் வென்றார். அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே போட்டியில் பாடியவர். சினிமாப் பாட்டு கோலோச்சும் களத்தில் கிராமத்துப் பாட்டை நம்பி இறங்கிய ஜோடி எப்படி நின்றது?

முதலாவது, சுருதி. கச்சேரியில் ஆண் பாடகர் ஒரு கட்டையில் நின்றால், பெண் பாடகர் ஐந்து கட்டையில் நிற்பார். இருவரும் ஒரே மெட்டை மாறி மாறிப் பாட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நம் மேடைகளில் பெரும்பாலும் ஆண்தான் மேலே ஏறி வருவார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் சொல் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கொடுத்த பழக்கம் அது. நாடக மேடையில் கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடியாகக் கொடிகட்டிப் பறந்ததற்குக் கிட்டப்பாவின் உச்சக் குரலும் ஒரு காரணம். மனைவி அனிதாவோடு பாடும் புஷ்பவனம் குப்புசாமியின் குரலும் அந்த வழிதான். செந்திலின் பலமும் அந்த உயரமே.

இரண்டாவது, கை மாற்றுவது. 'சின்ன மச்சான்' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். செல்லத் தங்கையா எழுதி, செந்தில்-ராஜலட்சுமி ஜோடி மேடைகளில் பாடிப் பழக்கி, 2019-ல் வெளியான 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குப் போன பாட்டு. அவள் கூப்பிடுகிறாள், அவன் என்னவென்று கேட்கிறான். ராஜலட்சுமி சொல்லை முடிக்கும் இடத்திலேயே செந்தில் எடுத்துவிடுகிறார். நடுவில் ஒரு தட்டுகூட வீணாவதில்லை. ஆட்டத்தை நடத்துகிறவர் ராஜலட்சுமி. செந்தில் அளவாகப் பதில் சொல்லி, அவருக்கு அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிக் கொடுக்கிறார். ஒத்திகையில் மட்டும் வருவதல்ல இது. திருவிழா மேடைகளில் வருடக்கணக்காகச் சேர்ந்து நின்று பாடியதில் வந்தது.

மூன்றாவது, சொல். நாட்டுப்புறப் பாட்டு மேடையிலேயே பாதி எழுதப்படுகிறது. எந்த ஊரில் பாடுகிறார்களோ அந்த ஊர் பாட்டுக்குள் வர வேண்டும். திட்டக்குடி மேடை என்றால் வெள்ளாறும் வெலிங்டன் ஏரியும் எங்கேயாவது ஓர் அடியில் தலைகாட்டினால்தான் கைதட்டல். அதுதான் ஹோம் கிரவுண்ட்.

சறுக்கலும் இங்கேதான். ஒரு பாட்டு சினிமாவில் வெற்றி பெற்றதும் எல்லா ஊரும் அதையே, பதிவில் கேட்டபடியே கேட்கிறது. ஊருக்கு ஊர் மாறிய வரிகள் உறைந்துபோகின்றன. போதாததற்கு கீபோர்டும் ரிதம் பேடும் ஆளுயர ஸ்பீக்கர்களும் சேர்ந்து சொல்லை அமுக்கிவிடுகின்றன. எசப்பாட்டில் கேள்வி காதில் விழாவிட்டால் பதிலுக்கு என்ன வேலை? தாளத்துக்கு ஆடலாம், அவ்வளவுதான். இது ஜோடிகளின் குற்றமல்ல. கேட்கிற நம் குற்றம்.

குரல் வளத்தில் செந்தில்-ராஜலட்சுமியை மிஞ்சும் பாடகர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் ஒருவர் விட்ட மூச்சில் மற்றவர் பாட்டை எடுக்கிற பொருத்தம் அபூர்வம். திருவிழாக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு எந்த ஜோடியை அழைத்தாலும், ஓர் அரை மணி நேரம் ரிதம் பேடை நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்மோனியம், தவில், உறுமி மட்டும் போதும். உங்கள் ஊரைப் பற்றி ஓர் அடி கட்டிப் பாடச் சொல்லுங்கள். யார் பாடிப் போகிறார், யார் பிடிக்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.